சாக்ஸுக்குள் பதினெட்டு வருஷம்

பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உலக நாடுகளின் உளவுத்துறைகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஜோடி சேராத இரண்டு சாக்ஸ், இடது கால் செருப்பு ஒன்று, தரை துடைக்கும் துணி ஒன்று ஆகியவை ஒரே வீட்டிலிருந்து அடுத்தடுத்து மாயமான விவகாரத்தை, நாட்டின் தலைசிறந்த துப்பறிவாளர் இன்று காலை தம் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். இனி யாரும் அஞ்சத் தேவையில்லை.

'தலைசிறந்த' என்ற பட்டத்தை அவரே அவருக்கு வழங்கிக்கொண்டார். விழா எதுவும் நடக்கவில்லை. ஊரில் அவரை எல்லோரும் 'கோட்டு' என்றுதான் சொல்வார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். கோட்டின் உள்பையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அது மாத்திரை அட்டையில் தேதி பார்க்க வாங்கியது.

அவருடைய உதவியாளர் பெயர் 'சில்லறை'. கடிதம் டைப் அடிக்க வேலைக்குச் சேர்ந்தவள். கோட்டு எவ்வளவு பெரிய பேச்சை நீட்டினாலும் அதை உடைத்துச் சில்லறையாக்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். அதனால் வந்த பெயர் அது. சம்பளத்தால் வந்தது என்று அவள் சொல்லுவாள்.

இருவரும் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி அவருக்கு போன் பண்ணேன் சார். மணி அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. யாரும் எடுக்கல" என்றாள் சில்லறை, இடது உள்ளங்கையைக் காட்டி. நேற்று அலுவலகத்துக்கு வந்த மனிதர் மூச்சு விடாமல் ஒப்பித்த எண்ணை, அவசரத்துக்கு அதில்தான் எழுதியிருந்தாள். மை இன்னும் போகவில்லை.

"எடுக்கலைன்னா என்ன அர்த்தம், சில்லறை?"

"பாத்ரூம்ல இருக்காருன்னு அர்த்தம்."

"கடத்தப்பட்டிருக்கலாம்."

"பாத்ரூமுக்கா சார்?"

கோட்டு நடையை வேகப்படுத்தினார். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவர் வேகமாக நடப்பார். அதனால்தான் இந்த வயதிலும் தொப்பை இல்லை.

அந்த வீட்டு மனிதரை எல்லோரும் 'தலைவர்' என்பார்கள். எளிய தொழில்நுட்ப வாழ்வுக் கழகம் என்ற அமைப்பின் நிறுவனத் தலைவர் அவர். கழகத்தில் மொத்தம் ஐந்து உறுப்பினர்கள். அதில் ஒருவர் அவர் மனைவி. அந்தம்மாவுக்கு இது தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவது கேட்டது. படியில் படுத்திருந்த பழுப்பு நிறத் தெருநாய் ஒற்றைக் கண்ணைத் திறந்து கோட்டின் காலைப் பார்த்தது. பிறகு, அவசரமில்லை என்பதுபோல் மூடிக்கொண்டது. கோட்டு அதைத் தாண்டி உள்ளே போய், கதவுக்கு உள்பக்கமாகவே ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி அதற்குள் செருகி வைத்தார். ஷூ விலை உயர்ந்தது. வெளியே விட மனசு வராது.

"வந்துட்டீங்களா!" என்று பாய்ந்து வந்தார் தலைவர். "இனிமே இது சாக்ஸ் கேஸ் இல்ல. ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. காலைல இருந்தது. ஒரு மணி நேரம் முன்னாடி பார்த்தா கதவு தொறந்து கெடக்கு, டிஸ்க்கைக் காணோம்!"

கோட்டு மெல்லத் தலையை ஆட்டினார். "எதிர்பார்த்தேன்."

"எப்போ சார்?" என்றாள் சில்லறை.

கூடத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் எந்தப் பொருளும் சாவதில்லை. அலமாரியின் நடுத்தட்டில் மூடி பிடுங்கப்பட்ட ஒரு லேப்டாப் மல்லாந்து கிடந்தது. அதன் தலைமேல் வேறெதற்கோ பிறந்த சின்ன மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் உதவ, காலடியில் பழைய ஸ்கூட்டர் பேட்டரி. தலைவர் அந்த லேப்டாப்பை 'இல்லச் சேவையகம்' என்றார். அவர் மனைவி 'அந்தப் பொட்டி' என்றார். வீட்டில் ஆளுக்கொரு பட்டன் போன். தொடுதிரைக்கு அனுமதி இல்லை.

"எங்க வீட்டுப் படம், எங்க வீட்டுப் பாட்டு, எங்க வீட்டு வரவு செலவு, எல்லாம் இந்தச் சேவையகத்துலதான்" என்று தலைவர் சொற்பொழிவைத் தொடங்கினார். "ஊர் பேர் தெரியாத கம்பெனி எதுக்கும் நாங்க எதையும் குடுக்கறதில்ல. எங்க தரவு எங்க வீட்டை விட்டு வெளிய போகாது."

"இன்னிக்குப் போயிடுச்சே" என்றார் மனைவி.

அந்தம்மா கண் மருத்துவமனையில் வரவேற்பாளர். இன்று மத்தியான ஷிஃப்ட். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த ஈரக்கை இன்னும் காயவில்லை. "போன வாரம்தான் பொட்டிக்குள்ள இருந்த டிஸ்க் செத்துப்போச்சு மேடம். மிச்சம் இருந்தது இந்த ஒண்ணுதான். என் பொண்ணு பொறந்ததுல இருந்து காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனவரைக்கும், பதினெட்டு வருஷப் படம், வீடியோ, எல்லாம் அதுலதான். அதை இவர் எதுல வச்சிருந்தார் கேளுங்க."

"அதிர்ச்சி தாங்கும் உறையில்" என்றார் தலைவர்.

"சாக்ஸுல. அவரோட கம்பளி சாக்ஸுல. துவைக்காத சாக்ஸுல."

"துவைச்சா பஞ்சுத்தன்மை போயிடும்!"

அலமாரியின் அடித்தட்டைச் சில்லறை குனிந்து பார்த்தாள். டிஸ்க் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல கைக்கடிகாரமும் ரேடியோவும் அப்படியே இருந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. விலையுள்ளதை விட்டுவிட்டு வீச்சமுள்ளதை எடுத்துப் போகிற திருடனை அவள் இதுவரை சந்தித்ததில்லை.

மூன்றாவது குரலுக்குச் சொந்தக்காரன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். காதில் வைத்திருந்த பஞ்சு ஒன்று இன்னும் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பகல்ல வீட்டுல இருக்கறது ரெண்டே பேர்" என்றார் தலைவர். "நான் மொட்டை மாடில சோலார் தகட்டுக்கிட்ட இருப்பேன். மிச்சம் யாரு? மச்சானுக்கு டச் போன் வேணும். நான் குடுக்கல. என் சிஸ்டம் சரியில்லைன்னு நிரூபிக்க, ஒவ்வொண்ணா ஒளிச்சு வைக்கிறான்."

"அத்தான், உங்க சாக்ஸைத் தொடுறதுக்கு எனக்கு ஏதாவது வேண்டுதலா?" என்றான் மச்சான்.

"சாயங்கால ரயில்ல கிளம்பிடு. அவ்வளவுதான்."

"அடுத்த வாரம் அவனுக்குப் பரீட்சைங்க" என்றார் மனைவி. "எங்க போய்த் தங்குவான்? அவன் கிளம்பினா நானும் கிளம்புறேன். அந்தப் பொட்டியே உங்களுக்குச் சமைச்சுப் போடட்டும்."

தலைவர் ஒரு கணம் பொட்டியைப் பார்த்தார். அந்த வசதியை இன்னும் அவர் அதில் ஏற்றவில்லை.

கோட்டு பூதக்கண்ணாடியை எடுத்துக் கதவை ஆராய்ந்தார். "பூட்டு உடைக்கப்படல. நெம்பின தடயம் இல்ல. ஆகவே..."

"பூட்டே இல்ல சார்" என்று தலைவர் பெருமையோடு முன்னால் வந்தார். "என் கண்டுபிடிப்பு. ரெண்டு வாரம் ஆகுது. சாவி கிடையாது, சாவி தொலையறதும் கிடையாது. பாருங்க."

கதவைச் சாத்தினார். உள்பக்கம் ஒரு சோப்பு டப்பா ஒட்டியிருந்தது. தலைவர் தன் பட்டன் போனில் ஐந்தாம் எண்ணை அழுத்திப் பிடித்தார். சோப்பு டப்பாவுக்குள் 'ர்ர்ர்' என்று ஏதோ உறுமியது. 'டக்' என்றது கொக்கி. ஸ்பிரிங் தள்ள, கதவு தானாகத் திறந்தது.

"டப்பாவுக்குள்ள ஒரு பழைய போன். மிஸ்டு கால் வந்தா போன் அதிரும். அந்த அதிர்வு மோட்டாருக்குப் போற ஒயரைப் பிரிச்சுக் கொக்கிக்குக் குடுத்திருக்கேன். வெளிய போயிட்டு வந்தா ஒரு மிஸ்டு கால், கதவு தொறக்கும். செலவு பூஜ்யம்."

"வேற யாராவது அந்த நம்பருக்குப் பண்ணா?" என்றாள் சில்லறை.

தலைவர் அவளைக் கருணையோடு பார்த்தார். "அந்த நம்பர் எனக்கே தெரியாதும்மா. எங்க போன்ல எல்லாம் 'கதவு'ன்னு சேமிச்சிருக்கு, அவ்வளவுதான். எனக்கே தெரியாததை எவன் தெரிஞ்சுக்க முடியும்?"

"ஆனா தெனமும் தொறந்து கெடக்கு" என்றார் மனைவி. "காத்துன்னு நெனச்சேன்."

"ஸ்பிரிங் இன்னும் பழகல" என்றார் தலைவர்.

கோட்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாவ ஆரம்பித்தார். உலாவினால் முடிவுரை வரப்போகிறது என்று அர்த்தம். "செருப்பும் சாக்ஸும் ஒத்திகை. காவல் எப்படின்னு பார்த்திருக்காங்க. நிஜக் குறி டிஸ்க். எடுத்தவன் அதை எங்கே விப்பான்? பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்குற இடத்துல. இங்க பக்கத்துல அப்படி ஒரு கடை இருக்கா?"

"தெருமுனையில" என்றான் மச்சான். "அத்தானோட ரெண்டாவது வீடு அதுதான்."

கடை என்றால், கதவில்லாத பிரிட்ஜ்களும் படமில்லாத டிவிகளும் இரண்டு வரிசையாக நின்று வழிவிட்ட ஒரு சந்து. பழைய சாமான்காரர் உள்ளே ஒரு சலவை இயந்திரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒயர்களை உரித்துக்கொண்டிருந்தார்.

கோட்டு கண்களைச் சுருக்கினார். "இன்னிக்குக் காலைல ஒரு இளைஞன், காதில் பஞ்சு, கையில் ஹார்ட் டிஸ்க். வந்தானா?"

"வரலியே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உண்மையை மறைக்கிறது..."

"ஐயா, தலைவர் வீட்டு ஆளையா கேக்குறீங்க? அந்த வீட்டுல இருந்து ஒரு ஸ்குரூ கூட இங்க வந்ததில்ல. எல்லாம் இங்க இருந்து அங்கதான் போகும். அவர் மச்சான் எதையாவது வித்தாலும், சாயங்காலம் அவரே வந்து வாங்கிட்டுப் போயிருப்பாரு." பழைய சாமான்காரர் உரித்த ஒயரை முழங்காலில் தட்டினார். "நல்ல சரக்கு வந்தா சொல்லுங்கன்னு நம்பர் குடுத்திருக்காரு. தெனமும் மதியம் ஒரு தடவை கூப்பிட்டுப் பாப்பேன். மனுஷன் எடுத்ததே இல்ல."

"எங்க போனையும்தான் எடுக்கல" என்றாள் சில்லறை.

"ஆனா இப்பப் பரவாயில்ல. முன்னாடியெல்லாம் எப்பப் பண்ணாலும் ஸ்விட்ச் ஆஃப்னு வரும். ரெண்டு வாரமா மணியாச்சும் அடிக்குது. முன்னேற்றம்தானே?"

சில்லறை அப்படியே நின்றாள். பிறகு, "எந்த நம்பர்?" என்றாள்.

அவர் எதிரே நின்ற பிரிட்ஜைக் கைகாட்டினார். அதன் பக்கவாட்டில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தது. சில்லறை உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அது பாதியில் நின்றது.

"சார், ஓடுங்க."

"யாரைத் துரத்துறோம்?"

"ரயிலை."

அவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, கூடத்தின் நடுவில் ஒன்றல்ல, இரண்டு பைகள் தயாராக இருந்தன. ஒன்று தம்பியுடையது. மற்றது அக்காவுடையது. தலைவர் முகத்தைக் கல்லாக்கி வைத்திருந்தார். ஆனால் அந்த இரண்டாவது பையைப் பார்க்கும்போதெல்லாம் கல் லேசாக ஆடியது.

கோட்டு பழைய இடத்திலேயே ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் செருகி, கதவை ஓங்கிச் சாத்தினார். என்ன கண்டுபிடித்தோம் என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் "குற்றவாளி இந்த அறைக்குள்தான் இருக்கிறார்" என்று அறிவித்துவிட்டார். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"தலைவரே, ஒரு சின்னக் கேள்வி" என்றாள் சில்லறை. "உங்க போனுக்கு விளம்பரக் கால் வருமா? மனை வேணுமா, காப்பீடு வேணுமா, அந்த மாதிரி?"

"இருபது வருஷத்துல ஒண்ணு கூட வந்ததில்ல!" தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நிஜ நம்பரை வெளியாள் யாருக்கும் நான் குடுக்கறதில்லையே. கேக்கறவங்களுக்குக் குடுக்கன்னே ஒரு குப்பை நம்பர் வச்சிருக்கேன். தூக்கத்துல எழுப்பினாலும் கடகடன்னு அதைத்தான் சொல்லுவேன். கழகக் கூட்டத்துலயே இதைச் சிபாரிசு பண்ணிருக்கேன்."

"அப்ப எனக்கு நேத்து குடுத்ததும் அந்தக் குப்பைதானா?"

"பழக்க தோஷம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல" என்று சொல்லிவிட்டுச் சில்லறை தன் போனை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினாள்.

"யாருக்கும்மா போன்?"

"உங்களுக்குத்தான்."

தலைவர் தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். அது வாயே திறக்கவில்லை.

சோப்பு டப்பாவுக்குள் 'ர்ர்ர்' என்றது. கொக்கி 'டக்' என்றது. கதவு, நல்ல வளர்ப்பில் வளர்ந்த கதவுபோல, மெதுவாக முழுவதும் திறந்தது.

படியில் கிடந்த பழுப்பு நாய் எழுந்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. வாடகை வாங்க வந்த வீட்டு ஓனர் போல உள்ளே நுழைந்தது. யாரையும் பொருட்படுத்தவில்லை. பைகளை முகர்ந்தது, பிடிக்கவில்லை. கோட்டின் ஷூவை முகர்ந்தது. உள்ளே செருகியிருந்த சாக்ஸில் ஒன்றை நுனிப்பல்லால் பக்குவமாக உருவி எடுத்துக்கொண்டு, வந்த வழியே நிதானமாகப் படியிறங்கியது.

"நான் சொன்னேன்ல" என்றார் கோட்டு. "குற்றவாளி இந்த அறைக்குள்தான்."

"சார், அது உங்க சாக்ஸு!"

அதற்குப் பிறகு அந்தத் தெரு கண்ட காட்சியைத் தெரு இன்னும் மறக்கவில்லை. முன்னால் நாய். அதன் பின்னால் வெறுங்காலோடு, வெயிலில் சுட்ட தரையில் ஒவ்வொரு அடிக்கும் துள்ளித் துள்ளிக் கோட்டு. அவர் பின்னால் காதில் ஒற்றைப் பஞ்சோடு மச்சான். அதற்கும் பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா. கடைசியில், "நில்! அது என் கழகத்தின் சொத்து!" என்று எதற்கென்றே தெரியாமல் கத்திக்கொண்டு தலைவர். மிரண்டுபோன ஒரு சைக்கிள்காரர், ஓட்டப்பந்தயம் என்று நினைத்து ஒதுங்கிக் கைதட்டினார்.

நாய் இஸ்திரிக் கடையின் மாடிப்படிக்கு அடியில் புகுந்தது. மச்சான் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டான்.

"அக்கா! படுக்கையே போட்டு வச்சிருக்குக்கா!"

ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தரை துடைக்கும் துணி, இடது கால் செருப்பு, ஜோடி சேராத இரண்டு சாக்ஸ், யாருடையது என்று தெரியாத ஒரு குளியல் துண்டு. நாய் அவன் கையை நக்கிக்கொடுத்ததே தவிர எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. கடைசியாக, தலையணை இருக்க வேண்டிய இடத்திலிருந்து, எச்சிலில் ஊறிய ஒரு கம்பளி சாக்ஸ் வந்தது. கனமாக வந்தது.

மனைவி அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நாற்றத்தைப் பற்றி அப்போது அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு நிறையச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் டிஸ்க்கைத் துடைத்துப் பொட்டியில் செருகினான். பழைய டிவியில் படம் வந்தது. முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சின்னப் பெண், வாயெல்லாம் சிரிப்பாக. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப அந்தக் குப்பை நம்பர் சிம்மு?" என்றாள் சில்லறை.

தலைவரின் குரல் இறங்கியிருந்தது. "டிராயர்ல ஒரு பழைய போன்ல சும்மா ஆஃப் ஆகிக் கெடந்தது. கதவுக்கு ஒரு போன் தேவைப்பட்டப்போ, யாருமே கூப்பிடாத போன் இதுதானேன்னு எடுத்துப் பொருத்தினேன். சார்ஜ் போட்டு, 'கதவு'ன்னு சேமிச்சதோட சரி. நம்பரைப் பார்க்கல."

மச்சான் சோப்பு டப்பாவைப் பிரித்தான். உள்ளே இருந்த போனின் சின்னத் திரையில், வந்து போன மிஸ்டு கால்களின் எண்ணிக்கை மூன்று இலக்கத்தில் நின்றது.

"துணிக்கடையில குடுத்தீங்க" என்று மனைவி விரல் மடக்க ஆரம்பித்தார். "பாத்திரக்கடையில குடுத்தீங்க. கார் விழும்னு குலுக்கல் பெட்டியில எழுதிப் போட்டீங்க. ஊரு பூரா நம்ம வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு, என் தம்பியை வெளிய போகச் சொல்றீங்க!"

"இந்த வரலாற்றுத் தருணத்தில், கழகத்தின் சார்பில்..." என்று தொடங்கினார் தலைவர்.

"அத்தான், சுருக்கமா."

"மன்னிச்சுக்கோ மச்சான்."

"சரி அத்தான்."

இரண்டு பைகளும் மாடிக்குத் திரும்பின. மனைவி ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று உடை மாற்றப் போனார். போகிற போக்கில் அந்தக் கம்பளி சாக்ஸை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு போய் வாளியில் போட்டார். பஞ்சுத்தன்மையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோட்டு உதவியாளரின் காதருகே குனிந்தார். "சில்லறை, அப்போ இன்னிக்குக் காலைல கதவு தொறந்தது..."

"நான் பண்ண போன்ல சார். நாய்க்குக் கதவைத் தொறந்து விட்டதே நாமதான்."

"இதை ரிப்போர்ட்ல..."

"போடல சார்."

"நல்லது." அவர் நிமிர்ந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஷூவை மறுபடி மாட்டியிருந்தார்; ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இல்லை.

தலைவர் அதற்குள் சுவரில் படம் வரைந்து விளக்கத் தொடங்கியிருந்தார். வீட்டு எண்களை மட்டும் அடையாளம் காணும் வடிகட்டி. நாயின் உயரத்தை அளக்கும் ஒளிக்கதிர். குரல் கேட்டுத் திறக்கும் இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பு. பழைய சாமான் கடையில் என்னென்ன கிடைக்கும் என்று அவர் கண்கள் மறுபடி மின்னின. மச்சான் அதைக் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தப் போனான். போனவன், அங்கேயே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான்.

கதவின் உள்பக்கம், சோப்பு டப்பாவுக்கு ஒரு சாண் மேலே, தாழ்ப்பாள் முதலிலிருந்தே இருந்தது.